பெரியவர் வாசலில் முப்பது பெட்டி

கோழி முட்டைக்குச் செய்தி பார்க்கும் பழக்கம் கிடையாது. மெஷினுக்குள் வைத்துவிட்டால் இருபத்தோராம் நாள் பொரிந்துதான் தீரும். வெளியே உலகம் தலைகீழாகப் போய்விட்டது, இன்னும் ஒரு மாதம் உள்ளேயே இரு என்று அதனிடம் மனுக் கொடுக்க முடியாது. அன்று காலையும் சொல்லிவைத்தாற்போல் பன்னிரண்டாயிரம் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து, தெருமுனை வரை கேட்கும்படி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தவர்கள்தான் ஒவ்வொருவராகப் போன் செய்து வேண்டாம் என்றார்கள்.

குஞ்சு பொரிக்கும் அந்த ஹேச்சரியை நடத்துகிறவளுக்கு முப்பத்தைந்து வயது. யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாருக்கும் அவள் இன்சார்ஜ். முதலாளி அவளுடைய சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. அத்தைக்குக்கூட வேலை நேரத்தில் அவள் இன்சார்ஜ்தான். திட்டும்போது மட்டும் அண்ணன் மகளாகிவிடுவாள்.

வாடிக்கைப் பண்ணைக்காரர்கள் மொத்தம் பதினொரு பேர். பத்து மணிக்குள் பத்துப் பேர் கையை விரித்துவிட்டார்கள். "தீவனம் விக்கிற விலையில குஞ்சு எடுத்து என்ன பண்றது? இந்த தடவை விட்டுடுங்க" என்று அநேகமாக எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பதினோராவது ஆள், ஊர்க் கோடியில் ஒரே ஒரு ஷெட் வைத்திருக்கும் ஒற்றை ஷெட் அக்கா. வழக்கமாக ஐந்நூறு குஞ்சு எடுப்பவள் அன்று வாடகை ஆட்டோவோடு வந்து, "எனக்கு ஆயிரம் குடு" என்றாள். இன்சார்ஜ் காதில் வைத்த போனை எடுக்காமலே பத்துப் பெட்டியைக் காட்டினாள். ஏன் இரட்டிப்பாகக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் அவள் இல்லை.

பெட்டிக்கு நூறு குஞ்சு. கொசுறாக இரண்டு. மிச்சம் நூற்றுப் பத்துப் பெட்டிகள் சூட்டறையில் வரிசையாக அடுக்கியிருந்தன. பெட்டியின் ஓட்டைகள் வழியே மஞ்சள் மஞ்சளாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

அத்தையின் போன் வந்தது.

"கேள்விப்பட்டேன். நாளன்னைக்குக் காலை வரைக்கும் பாரு. அதுக்கு மேல போச்சுன்னா தொட்டிதான்."

"அத்தை, கொஞ்சம் பொறுங்க, நான் பேசிப் பாக்கறேன்..."

"நான் பொறுத்துக்குவேன்டி. குஞ்சு பொறுக்குமா?"

அதுதான் விஷயம். பொரிந்து வரும் குஞ்சு வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு வரும். அதை வைத்து மூன்று நாள் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் ஓட்டிவிடும். அதற்குள் ஒரு ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேராவிட்டால், பின்கட்டில் மூடி போட்ட நீலத் தொட்டி ஒன்று இருக்கிறது, வாயுக் குழாய் இணைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை எண்ணூறு குஞ்சுகளை அதில் போட வேண்டி வந்தது. போட்டவள் இவள்தான். மூடியை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இனி இந்தக் கையால் அதைச் செய்ய மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். இப்போது எண்ணூறு இல்லை, பதினோராயிரம்.

யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஒரு வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவன். உலகத்தில் எது நடந்தாலும் தனக்கு முன்பே தெரியும் என்கிற தொனியில் பேசுவான். நடந்து முடிந்த பிறகுதான் பேசுவான், அது வேறு விஷயம்.

"என்னடா நடக்குது? மூணு வாரத்துக்கு முன்னாடி எல்லாம் ஒழுங்காத்தானே இருந்துச்சு? அதை நம்பித்தானே மெஷினை முழுசா நிரப்பினேன்?"

"அக்கா, பெரிய நாட்டு வங்கி வட்டியை முக்கால் சதவீதம் ஏத்திட்டான்."

"ஏத்தட்டும். அவன் வட்டிக்கும் என் குஞ்சுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இருக்குக்கா. அங்க வட்டி ஏறினதும், இங்க பணம் போட்டு வச்சிருந்தவன்லாம் மூட்டையைக் கட்டிட்டு அங்க ஓடறான். எல்லாரும் நம்ம பணத்தை வித்து டாலரை வாங்கினா, நம்ம பணம் என்ன ஆகும்? விழும். கோழித் தீவனத்துல போடற சோயா கப்பல்ல வருது, டாலர் கொடுத்துத்தான் வாங்கணும். அப்ப தீவனம் ஏறும். விழற பணத்தைப் பிடிச்சு நிறுத்த நம்மாளும் இங்க வட்டியை ஏத்துவான். அப்ப கடன் வாங்கினவன் பயப்படுவான். கடைசியில உன் பண்ணைக்காரன் குஞ்சு வேணாம்பான். அவ்வளவுதான்."

"அந்தப் பெரிய வங்கிக்காரனுக்கு இதெல்லாம் தெரியாதா?"

"தெரியும். அவன் வேலை அவன் நாட்டுல விலைவாசியைப் பாக்கறது. உன் ஹேச்சரி அவன் பட்டியல்லயே இல்ல. கவலைப்படாதே, நம்ம நாட்டுக்கும் குஞ்சு வயித்துல மஞ்சள் கரு மாதிரி டாலர் கையிருப்பு இருக்கு. மூணு மாசம் தாங்கும்."

"என் குஞ்சுக்கு மூணு நாள்டா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். பெட்டி கட்டும் பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, வேலையில் ரொம்பக் கவனமாக இருப்பது போல் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் காலை வேன் டிரைவரைக் கிளப்பிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனாள். பெரியவர் என்றால் ஆறு ஷெட் வைத்திருப்பவர். மூவாயிரம் குஞ்சு ஒரே வாயில் எடுப்பவர். முதல் நாள் காலை முதல் போன் அவருடையதுதான். "இந்த தடவை வேணாம்மா" என்று மூன்றே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அவர் மனத்தை மாற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்று அவள் நினைத்தாள்.

பெரியவர் நாற்காலியில் ஒரு காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் எக்ஸ்ரே உறை.

"ஐயா, நீங்களே இப்படிப் பண்ணலாமா? டாலர் இன்னைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். அதுக்காகக் குஞ்சு எடுக்கறதையே நிறுத்தினா எப்படி?"

"டாலரா? எந்த டாலர்?"

"தீவன விலை ஏறினதால தானே வேணாம்னீங்க?"

"யார் சொன்னா? எனக்கு முழங்கால் ஆபரேஷன் பாப்பா. அடுத்த வாரம். ஆறு வாரத்துக்குக் காலை ஊனக்கூடாதாம். அதுவரைக்கும் ஷெட்டை யார் பாக்கறது? உன் டாலரா வந்து பாக்கும்?"

இன்சார்ஜ் அவர் மடியிலிருந்த எக்ஸ்ரே உறையைப் பார்த்தாள்.

"அப்ப தீவனம்?"

"அதைப் போன மாசமே பழைய விலைக்கு இறக்கிட்டோமே! பத்து பேரும் சேர்ந்து கூட்டா வாங்கினோம். ரெண்டு மாசத்துக்குத் தாங்கும். அந்த ஒத்தை ஷெட்டுக்காரி ஒருத்திதான் கையில பணம் இல்லைன்னு சேரல."

திரும்பும் வழியில் அவள் மூன்று பண்ணைகளில் வேனை நிறுத்தினாள். மூன்றிலும் தீவன மூட்டை கூரையை இடித்துக்கொண்டு நின்றது. மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தீவனம் விலை ஏறிவிட்டது என்று மூன்று பேரும் கண்ணைக் கசக்கினார்கள்.

"இது பழைய விலைக்கு வாங்கினதுதானே? அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

"பெரியவரே நிறுத்திட்டாரே! அவருக்குத் தெரியாததா?"

"அவருக்கு முழங்கால் ஆபரேஷன்!"

மூன்றாவது பண்ணைக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வெளிய அப்படித்தான் சொல்வார். பெரிய ஆளுங்க காரணத்தை வெளிய சொல்வாங்களா?"

உண்மையைச் சொல்லி ஒருவரைக்கூட நம்பவைக்க முடியவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு கிழவரின் முழங்கால் வலி, பத்துப் பண்ணைகளைத் தாண்டி வந்து பதினோராயிரம் குஞ்சுகளைத் தொட்டிக்குள் தள்ளப் பார்க்கிறது. டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, "இவங்ககிட்ட வாயால சொல்லிப் பிரயோசனம் இல்ல இன்சார்ஜம்மா. கண்ணால காட்டணும்" என்றார்.

அவர் ஏதோ போகிற போக்கில் சொன்னது. அவள் பிடித்துக்கொண்டாள்.

பெரியவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போன் செய்தாள். பாவம், நான்கு நாட்களாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். "நாடகமா? எனக்கு வேஷம் உண்டா?" என்றுதான் கேட்டார்.

பெரியவர் வீட்டு கேட் நாலுமுனைச் சந்திப்பைப் பார்த்தபடி இருக்கிறது. எதிரில் டீக்கடை. மத்தியானம் மூன்று மணிக்கு அந்தச் சுற்று வட்டாரத்துப் பண்ணைக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். சரியாக மூன்று மணிக்கு ஹேச்சரி வேன் வந்து நின்றது. உள்ளே முப்பது காலிப் பெட்டிகள்.

கிளம்பும்போதுதான் டிரைவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "இன்சார்ஜம்மா, காலிப்பெட்டி கத்தாதே?"

குஞ்சுப் பெட்டி சத்தமில்லாமல் இறங்கினால் குருடனுக்கும் சந்தேகம் வரும். ஆகவே, இரண்டு பெட்டியில் நிஜமான குஞ்சுகளை வைத்து மேலே அடுக்கினார்கள். நாடகம் முடியும்வரை அந்த இருநூற்று நான்கும் மூவாயிரத்துக்குச் சேர்த்துக் கத்தின. சம்பளம் வாங்காத நடிகர்கள். குறை சொல்ல முடியாது. டிரைவர் ஒவ்வொரு பெட்டியையும் வயிற்றோடு அணைத்து, முதுகை வளைத்து, மூச்சுவிட்டு மூச்சுவிட்டு இறக்கினார். கொஞ்சம் அதிகமாகத்தான் நடித்தார். நிறைந்த பெட்டியே நாலு கிலோதான் இருக்கும். அவர் சிமெண்ட் மூட்டை தூக்கினார். பெரியவர் நாற்காலியை கேட் அருகே போடச் சொல்லி, குடையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா! மெதுவாடா! ஒரு குஞ்சு செத்தாலும் உன் சம்பளத்துல பிடிப்பேன்!" என்று சந்திப்பே அதிரக் கத்தினார். அவர் முகத்தில் வலி போன இடம் தெரியவில்லை.

டீக்கடையில் கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன.

இன்சார்ஜ் வேனுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பதினைந்தாவது பெட்டி இறங்கும்போது முதல் போன் வந்தது. "இன்சார்ஜம்மா, நேத்து நான் வேணாம்னு சொன்னது கோபத்துல சொன்னது. என் ஆயிரம் இருக்குல்ல?" இருபதாவது பெட்டிக்கு இரண்டாவது. அப்புறம் எந்தப் போனை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஹேச்சரிக்குத் திரும்பும்போது வாசலில் ஏற்கெனவே நான்கு ஆட்டோக்கள். பெரியவரே எடுக்கிறார் என்றால் தீவனம் இறங்கப்போகிறது என்று ஒருவர் சொன்னார். இல்லை, கோழி விலை ஏறப்போகிறது, அவருக்கு மேலிடத்துத் தகவல் என்றார் இன்னொருவர். பொழுது சாய்வதற்குள், வேனில் ஒளித்துத் திரும்பக் கொண்டுவந்த அந்த இரண்டு பெட்டியும் சேர்த்து, நூற்றுப் பத்துப் பெட்டிகளும் போய்விட்டன. கடைசி பத்துப் பெட்டிக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. பெட்டிக்கு இவ்வளவு கூடத் தருகிறேன் என்று அவர்களே விலையை ஏற்றினார்கள்.

காலியான சூட்டறைக்குள் அவள் போய் நின்றாள். ஒரு சத்தமில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த மௌனம் அவளுக்கு இனித்தது.

அத்தைக்கு வாயெல்லாம் பல். "என் அண்ணன் மகன்னா சும்மாவா? இல்ல, மகள், மகள்! நாளைக்குக் காலையில மூணு மெஷினையும் நிரப்பிடு. அடுத்த தடவைக்கு எல்லாரும் இப்பவே புக் பண்ணிட்டாங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலை. முதல் மெஷினில் பாதி ஏற்றியாகிவிட்டது. மிச்ச முட்டைத் தட்டுகள் தள்ளுவண்டிகளில் வரிசையாகக் காத்திருந்தன. அப்போது ஒற்றை ஷெட் அக்கா மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கையில் பையில்லை, பணமில்லை.

"பெரியவர் ஷெட்ல ஹீட்டர் எரியல" என்றாள்.

இன்சார்ஜ் நிமிர்ந்து பார்த்தாள்.

"புதுக் குஞ்சு வந்த ஷெட்ல முதல் ராத்திரியே ஹீட்டர் எரியணும். காலையில அந்த வழியாத்தான் வந்தேன். எரியல. ஒரு சத்தமும் இல்ல. எல்லாரும் கேட்டைத்தான் பாத்தாங்க, ஷெட்டை யாரும் பாக்கல. காலிப்பெட்டிதானே?"

பொய் சொல்ல இன்சார்ஜுக்கு வாய் வரவில்லை. "ஆமாக்கா. தொட்டியில போட மனசு வரல. அதான்..."

"நான் ஏன் ஆயிரம் எடுத்தேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. முந்தாநாள் கேட்கவும் இல்லை.

அக்கா ஒரு தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். எல்லாரும் வேண்டாம் என்றால் நாற்பது நாள் கழித்துக் கடைகளில் கோழி இருக்காது. இருக்கிறவள் வைத்ததுதான் விலை. புது விலைக்குத் தீவனம் வாங்கினாலும் கட்டுப்படியாகும். ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட கணக்கு. தீவனம் வாங்கத் தையல் மெஷினை விற்றாள். "இப்ப பெரியவர் தவிர ஒன்பது பேரும் எடுத்துட்டாங்க. அவங்க தீவனம் பழைய விலை, என்னோடது புது விலை. நாற்பதாம் நாள் அவங்க சிரிச்சுக்கிட்டே விப்பாங்க. நான் எதை வச்சுச் சிரிக்கறது?"

"அக்கா, நான் உங்களை நினைச்சே பாக்கல" என்றாள் இன்சார்ஜ். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே சுருக்கென்று தைத்தது.

"தெரியும். என்னைக் கெடுக்கணும்னு நீ பண்ணல. குஞ்சைக் காப்பாத்தினே, நல்லதுதான். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? சாயங்காலம் பெட்டிக்கு அடிதடி நடந்துச்சாமே. நான் கூட எடுத்த அஞ்சு பெட்டியை அப்பவே திருப்பிக் கொடுத்திருப்பேனே. ஒரு போன்."

அக்கா அழவில்லை, கத்தவில்லை. இன்சார்ஜுக்குத்தான் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். "இதெல்லாம் இன்னைக்கு உள்ள போகுதா?"

"மூணு மெஷினும். அத்தை உத்தரவு."

"அப்ப அடுத்த தடவை கோழி மலையா குவியும். இந்த தடவை போட்ட முதலாவது தேறும்னு பாக்கறேன். அடுத்ததுலயும் விழுந்தா ஷெட்டைப் பூட்டிட்டு யார் வீட்டுலயாவது வேலைக்குத்தான் போகணும்."

இன்சார்ஜ் போனை எடுத்தாள். பண்ணைக்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று மெஷினும் நிரம்பப்போகிறது, அடுத்த தடவை சந்தையில் கோழி வழியும், யோசித்து எடுங்கள் என்று விவரமாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. பெரியவர் எத்தனை எடுக்கறார்?" என்றார். இரண்டாவது ஆளும் அதையே கேட்டார். மூன்றாவது ஆள் பெரியவர் எடுப்பதைவிட நூறு கூடப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்சார்ஜ் போனைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டாவது மெஷினுக்கு முன்னால் நின்ற தள்ளுவண்டியைத் திருப்பினாள். சூடு படாத முட்டை குளிரறையில் இரண்டு வாரம் தாங்கும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பொரியும். சந்தையில் ஒரே நாளில் வந்து கொட்டாது. மூன்றாவது வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அத்தையின் போன் வந்தது.

"மூணும் நிரப்பியாச்சா?"

"ஒண்ணுதான் அத்தை. மிச்சத்தைக் குளிரறைக்கு அனுப்பறேன். வாராவாரம் ஒண்ணு வைக்கலாம்."

"யாரைக் கேட்டுடி?" என்ற குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"இங்க ஒத்தை ஷெட் அக்கா பக்கத்துலதான் இருக்காங்க. அவங்களைக் கேட்டு" என்றாள் இன்சார்ஜ்.

அக்கா தள்ளுவண்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.